விண்டோஸைத் தொடாமலே லினக்ஸ்

லேப்டாப்பில் லினக்ஸைப் பழகிப் பார்க்கப் பலருக்கு ஆசை உண்டு. அதற்கு இடம் ஒதுக்க ஹார்ட் டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிக்கும்போது கை தவறினால், சேர்த்து வைத்த போட்டோக்களும் கணக்கு வழக்குகளும் போய்விடுமே என்ற பயம்தான் தடுக்கிறது. நியாயமான பயம்.

அதற்கு இடமே தராத வழி, விர்ச்சுவல் மெஷின். விண்டோஸுக்குள் ஒரு ஜன்னல் திறக்கும். அதற்குள் லினக்ஸ் ஓடும். தனக்கென்று ஒரு முழுக் கம்ப்யூட்டர் இருப்பதாகவே லினக்ஸ் நினைத்துக்கொள்ளும். அது ஹார்ட் டிஸ்க்கில் எழுதுவதாக நம்பும் அத்தனையும், விண்டோஸில் இருக்கும் ஒரு பெரிய ஃபைலுக்குள்தான் போய்ச் சேரும். பிடிக்கவில்லையா, அந்த மெஷினை நீக்கினால் வேலை முடிந்தது.

இது புதுச்சரக்கு அல்ல. விலை உயர்ந்த ஒரே கம்ப்யூட்டரைப் பலரும் தனித்தனியாகப் பயன்படுத்த 1960-களிலேயே ஐபிஎம் இதை உருவாக்கியது. 1999-ல் விஎம்வேர் இதைச் சாதாரண பிசிக்குக் கொண்டுவந்தது. இன்று ஆரக்கிளின் விர்ச்சுவல்பாக்ஸ் இலவசமாகவே கிடைக்கிறது. அதை நிறுவி, உபுண்டுவோ சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸோ, அதை நிறுவுவதற்கான ஐஎஸ்ஓ ஃபைலைக் கொடுத்தால் போதும்.

புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. சில லேப்டாப்களில் 64 பிட் லினக்ஸைத் தேடினால், விர்ச்சுவல்பாக்ஸின் பட்டியலில் 32 பிட் வகைகள் மட்டுமே தெரியும்; அல்லது மெஷின் கிளம்பாமலே நின்றுவிடும். பெரும்பாலும் லேப்டாப்பில் குறை இருக்காது. கம்ப்யூட்டரைக் கிளப்பும் பயாஸில் விர்ச்சுவலைசேஷன் வசதி அணைந்திருக்கும். இன்டெல் என்றால் விடி-எக்ஸ், ஏஎம்டி என்றால் எஸ்விஎம் என்ற பெயரில் இருக்கும் அதை இயக்கிவிட்டு வந்தால் வழி திறந்துவிடும்.

இதில் மாணவர்களுக்குப் பெரிய வரம் ஸ்னாப்ஷாட். எதையாவது மாற்றிப் பார்க்கும் முன் ஒன்று எடுத்து வைத்துக்கொண்டால், சிஸ்டமே சிதைந்தாலும் சில கிளிக்குகளில் பழைய நிலைக்குத் திரும்பலாம். கற்றுக்கொள்பவருக்கு இந்தத் தைரியம் அவசியம். சிஸ்டம் ஃபைல்களை அழித்துப் பார்த்தால்தான் அவை எதற்கு என்பது விளங்கும்.

ரேம் விஷயத்தில் மட்டும் சமரசம் கூடாது. இரண்டு சிஸ்டமும் ஒரே நேரத்தில் ஓடுவதால் 8 ஜிபியாவது வேண்டும். அதில் பாதிக்கு மேல் லினக்ஸுக்குக் கொடுத்தால் விண்டோஸ் திணறும். 4 ஜிபி லேப்டாப் வைத்திருப்பவர்கள் இதில் இறங்க வேண்டாம். பென் டிரைவிலிருந்து லினக்ஸை நேரடியாக ஓட்டிப் பார்ப்பதே அவர்களுக்கு நல்லது.