குரங்கணி – டாப் ஸ்டேஷன் மலைப்பாதை

குரங்கணி – டாப் ஸ்டேஷன் மலைப்பாதை என்பது தேனி மாவட்டத்தின் குரங்கணியையும், தமிழ்நாடு – கேரள எல்லையில் மூணாறுக்கு அருகேயுள்ள டாப் ஸ்டேஷனையும் இணைக்கும் காட்டு நடைபாதையாகும். குரங்கணி, போடிநாயக்கனூரிலிருந்து சுமார் 15 கி.மீ. தொலைவில் கொட்டக்குடி ஊராட்சியில் அமைந்துள்ள மலையடிவார ஊர். வைகையின் துணையாறான கொட்டக்குடி ஆறு இம்மலைகளில் உருவாகிறது. பழகியவர்கள் அரை நாளில் ஏறிவிடக்கூடிய பாதை இது. ஒரு நூற்றாண்டுக்கு முன் தேயிலை இறங்கிய வழி என்பதாலும், 2018-ஆம் ஆண்டு இம்மலையில் ஏற்பட்ட காட்டுத்தீயாலும் இது அறியப்படுகிறது.

பெயரும் தேயிலை வழியும்

டாப் ஸ்டேஷன் என்றால் மேல் நிலையம். இப்போது அங்கு இரயில் இல்லை. ஒரு காலத்தில் இருந்தது. மூணாறுத் தேயிலைத் தோட்டங்களின் சரக்கைக் கொண்டுவர 1902-இல் மூணாறிலிருந்து மாட்டுப்பட்டி வழியாக டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாளப் பாதை அமைக்கப்பட்டது. பாரத்தின் பெரும்பகுதி தண்டவாளத்தின் மீது செல்லும். சாயாமல் இருப்பதற்காக ஒரு பெரிய சக்கரம் பக்கத்துச் சாலையில் உருளும். இழுத்தவை எருதுகள். பஞ்சாபின் பாட்டியாலாவிலும் பின்னர் இதே முறை கையாளப்பட்டது. 1908-இல் இதற்குப் பதிலாக இரண்டடி அகலக் குற்றகலப் பாதை இடப்பட்டது. இது குண்டளைப் பள்ளத்தாக்கு இரயில்பாதை எனப்படுகிறது.

டாப் ஸ்டேஷனுக்கு வந்த தேயிலைப் பெட்டிகள் அங்கிருந்து ஏறக்குறைய 5 கி.மீ. நீளக் கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டக்குடிக்கு இறங்கின. அவ்விடம் கீழ் நிலையம் எனப்பட்டது. பாதையின் நடுவிலுள்ள சென்ட்ரல் ஸ்டேஷன் என்னும் சிற்றூரின் பெயரும் இந்த ஏற்பாட்டை நினைவூட்டுவதே. கொட்டக்குடியிலிருந்து வண்டிகள் போடிக்குச் சென்றன. தேயிலை போடியிலேயே இரயில் ஏறியதாகப் பல இடங்களில் எழுதப்படுவதுண்டு. ஆனால் மதுரை – போடி இரயில்பாதை 1928-இல்தான் திறக்கப்பட்டது; அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, 1924 சூலைப் பெருவெள்ளத்தில் மலைமேல் இருந்த இரயில்பாதை அழிந்துவிட்டது. அது மீண்டும் கட்டப்படவில்லை.

பாதை

அடிவாரத்தில் மாந்தோப்புகளும் இலவ மரங்களும், சற்று மேலே மிளகுக்கொடி படர்ந்த காப்பித் தோட்டங்களும் உள்ளன. அதற்கும் மேலே செங்குத்தான புல்வெளிச் சரிவுகளும், மடிப்புகளில் சோலைக்காடுகளும் காணப்படுகின்றன. காட்டெருதுகள் நடமாடும் பகுதி இது. முதுவர் பழங்குடியினரின் முதுவாக்குடி உள்ளிட்ட குடியிருப்புகள் இம்மலையில் உள்ளன. குரங்கணியையும் டாப் ஸ்டேஷனையும் இணைக்கும் சாலை வேண்டும் என்பது இப்பகுதி மக்களின் நெடுநாள் கோரிக்கையாகும். வாகனத்தில் செல்வோர் போடிமெட்டு, மூணாறு வழியாகச் சுற்றியே செல்ல வேண்டும்.

குரங்கணியிலிருந்து பிரியும் மற்றொரு ஏற்றம் கொழுக்குமலைக்குச் செல்கிறது. கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் தமிழ்நாட்டு எல்லைக்குள் இருந்தாலும், அதற்கு வாகனப் பாதை கேரளத்தின் சூரியநெல்லி வழியாக மட்டுமே உண்டு.

2018 காட்டுத்தீ

2018 மார்ச் 11 அன்று, கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த இரு மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கினர். ஒரு குழு சென்னையிலிருந்தும் மற்றொன்று ஈரோடு, திருப்பூர் பகுதிகளிலிருந்தும் வந்தவை. சிலர் அன்றே இறந்தனர். வேறு சிலர் தீக்காயங்களால் மருத்துவமனைகளில் அடுத்தடுத்து உயிரிழந்தனர். இறந்தோர் எண்ணிக்கை 23 ஆனது. உள்ளூர் மக்களும் மீட்புப் பணியில் இறங்கினர். விமானப்படை உலங்கு வானூர்திகளும் பயன்படுத்தப்பட்டன. டாப் ஸ்டேஷன் பாதைக்கே அனுமதி உண்டு என்றும், கொழுக்குமலைப் பாதைக்கு அனுமதி இல்லை என்றும் அரசு தெரிவித்தது. அதுல்ய மிஸ்ரா தலைமையில் விசாரணைக்கு ஆணையிடப்பட்டது.

இத்தகைய சரிவில் தீ ஏன் இவ்வளவு விரைவாகப் பரவுகிறது என்பதை அறிவது பயனுள்ளது. இம்மலையின் கிழக்குச் சரிவு தென்மேற்குப் பருவமழையின் மறைவில் உள்ளது. வடகிழக்குப் பருவமழையில் ஆளுயரம் வளரும் புல், மார்ச் மாதத்திற்குள் வைக்கோலாகக் காய்ந்துவிடும். தீ மேல்நோக்கிச் செல்லும்போது அதன் பிழம்பு மேலேயுள்ள புல்லின் பக்கம் சாய்ந்து, தொடும் முன்பே அதைச் சூடாக்கி உலர்த்துகிறது. சரிவு ஒவ்வொரு 10 பாகை கூடும்போதும் தீயின் வேகம் சுமார் இரு மடங்காகும் என்பது தீயணைப்பாளர் கையாளும் தோராயக் கணக்கு. மனிதன் மேடேறும்போது வேகம் குறைகிறது, தீக்கோ கூடுகிறது. எனவே தீக்கு மேலே சிக்கியவர் உச்சியை நோக்கி ஓடுவதே மிக ஆபத்தானது. பக்கவாட்டில் விலகிப் பாறைவெளி, நீரோடை அல்லது ஏற்கெனவே எரிந்து அடங்கிய கறுப்பு நிலத்தை அடைவதே பாதுகாப்பு. எரிந்த இடத்தில் எரிய எதுவும் மீதமிருக்காது.

அனுமதி

விபத்துக்குப் பின் தமிழக அரசு 2018-இல் வனப்பகுதி மலையேற்றத்துக்குத் தனி விதிகளை வெளியிட்டது. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளுடன் தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் குரங்கணி – சாம்பலாறு பாதை சேர்க்கப்பட்டது. இத்திட்டத்தில் இணையவழி முன்பதிவும் பயிற்சி பெற்ற வழிகாட்டியும் கட்டாயம். வழிகாட்டிகள் பெரும்பாலும் பழங்குடியினரும் உள்ளூர் இளைஞர்களுமே. தீ அபாயம் மிகுந்த பிப்ரவரி நடுப்பகுதி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை மலையேற்றம் நிறுத்திவைக்கப்படுகிறது.