பச்சை இலை சொல்லாததை நீல நிறம் சொல்லும்

தாம்பரத்தைத் தாண்டி படப்பைப் பக்கம் போனால் இன்னும் நெல் வயல்கள் உண்டு. நட்டுப் பல நாளாகியும் தூர் கட்டாமல், இலை மட்டும் கரும்பச்சையாக விறைத்து நிற்கும் பயிரைப் பார்த்து, நன்றாகத்தானே இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், போதாத பயிரும் அப்படித்தான் நிற்கும். செடி தன் அடியிலைகளிலிருந்து அதை உருவிக் குருத்துக்கு அனுப்புவதால் பழைய இலைதான் முதலில் காட்டிக்கொடுக்கும். மக்காச்சோளத்தில் அந்த இலை ஊதா நிறமாகும். ஆனால் நம் கண்ணில் படுவதற்குள் தூர் கட்டும் பருவம் கடந்துவிடும். அதனால்தான் நடவுக்கு முன்பே மண்ணைச் சோதிக்கச் சொல்கிறோம்.

மண்ணில் பாஸ்பரஸ் இருந்தால் மட்டும் போதாது. செம்மண்ணில் இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளும், சுண்ணாம்பு மண்ணில் கால்சியமும் அதை இறுகப் பிடித்துக்கொள்கின்றன. வேருக்குக் கிடைப்பது சிறு பங்குதான். ஆய்வகம் தேடுவதும் அதைத்தான். அமெரிக்காவின் ஓல்சன் குழு 1954-இல் வெளியிட்ட முறைப்படி, மண்ணை சோடியம் பைகார்பனேட் கரைசலில் அரை மணி நேரம் குலுக்கி வடிகட்டுகிறார்கள். தெளிந்த வடிநீரில் அம்மோனியம் மாலிப்டேட்டையும் வைட்டமின் சி எனப்படும் அஸ்கார்பிக் அமிலத்தையும் சேர்த்ததும் குழாயில் மெல்ல நீலம் ஏறுகிறது. பாஸ்பரஸ் கூடக்கூட நீலம் அடர்கிறது. அந்த அடர்த்தியைக் கருவி அளந்து எண்ணாகத் தருகிறது. அமில மண்ணுக்கு 1945-இல் வந்த ப்ரே முறை பொருந்தும்.

தமிழ்நாட்டில் வேருக்குக் கிடைக்கும் பாஸ்பரஸ் ஹெக்டேருக்கு 11 கிலோவுக்குக் கீழே என்றால் குறைவு, 22 வரை நடுத்தரம், அதற்கு மேல் அதிகம்.

எண் சரியாக வர, மாதிரி சரியாக இருக்க வேண்டும். இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வரப்போரம், மரநிழல், எருக்குழி அருகே எடுக்காதீர்கள். வயலில் குறுக்கும் நெடுக்குமாகப் பத்துப் பதினைந்து இடங்களில் 'வி' வடிவக் குழி வெட்டி, 15 செ.மீ. ஆழம் வரை பக்கவாட்டில் சீவி எடுங்கள். கலந்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ளிக்கொண்டே வந்தால் அரைக் கிலோ மிஞ்சும். அதை நிழலில் உலர்த்திக் கொடுத்தால் போதும்.

சோதித்துவிட்டு உரமிடுவது மாடித்தோட்டத்துக்கும் பொருந்தும். டிஏபி உரத்தில் 46 சதவீதம் பாஸ்பேட். தொட்டியில் மாதாமாதம் போட்டால் அது தேங்கி, துத்தநாகம் கிடைக்காமல் இளம் இலை வெளுக்கும். அப்போது இன்னும் ஒரு பிடி டிஏபி போடுவது செடியை மேலும் வாட்டும்.