உஷார்! டிசம்பர் 7-ஐ விட்டவர்கள் மார்ச் 31-ஐயும் விட்டுவிடாதீர்கள்

அமெரிக்காவில் 65 வயது தாண்டிய அப்பா அம்மா உங்கள் வீட்டில் இருந்தால் இதை இன்றே படித்துவிடுங்கள். முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரில் பிளானை மாற்றிக்கொள்ள ஆண்டுதோறும் கிடைக்கும் காலம் அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரைதான். நம் பெரியவர்கள் பலர் சரியாக அந்த நாட்களில்தான் ஊருக்குப் போயிருப்பார்கள். தீபாவளி, ஒரு சொந்தக்காரர் கல்யாணம், மார்கழிக் கச்சேரி, பொங்கல் என்று எல்லாம் முடிந்த பிறகே விமானம் ஏறுவார்கள். வரும் ஆண்டில் பிரீமியம் எவ்வளவு ஏறுகிறது, எந்த மருந்து பட்டியலிலிருந்து போகிறது என்று பிளான் கம்பெனி செப்டம்பருக்குள் அனுப்பிய தடித்த கவர், இங்கே விளம்பரத் தபால்களோடு பிரிக்காமலே கிடக்கும். ஜனவரியில் மருந்துக்கடை கவுன்டரில் நிற்கும்போதுதான் விஷயம் வெளியே வரும்: "இந்த மாத்திரை உங்கள் பிளானில் இப்போது இல்லை."

பதறி யாருக்கும் போன் செய்வதற்கு முன் அவர்களுடைய பர்ஸைத் திறந்து, டாக்டரிடம் எந்த அட்டையைக் காட்டுகிறார்கள் என்று பாருங்கள். தனியார் கம்பெனியின் பெயரோடு மெடிகேர் அட்வான்டேஜ், ஹெச்.எம்.ஓ., பி.பி.ஓ. என்று ஏதாவது அச்சிட்டிருந்தால் ஒரு கதவு இன்னும் திறந்திருக்கிறது. ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரை வேறொரு அட்வான்டேஜ் பிளானுக்கு மாறலாம். அல்லது அதைவிட்டு அரசே நேரடியாக நடத்தும் ஒரிஜினல் மெடிகேருக்கே திரும்பி, தனியாக பார்ட் டி மருந்து பிளான் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரே ஒரு தடவைதான். அவசரத்தில் தப்பான பிளானில் சேர்ந்துவிட்டு மறுபடி மாற்றுகிறேன் என்றால் முடியாது. புதிய பிளான் விண்ணப்பம் கிடைத்த அடுத்த மாதம் முதல் தேதியில் நடைமுறைக்கு வரும்.

டாக்டரிடம் சிவப்பு, வெள்ளை, நீல அரசு அட்டையைக் காட்டி, தனி மருந்து பிளானும் வைத்திருக்கும் ஒரிஜினல் மெடிகேர்காரர்களுக்கு இந்த மூன்று மாதச் சலுகை கிடையாது. பாதிப் பேர் குழம்புவது இங்கேதான்.

இனி, நான் அதிகம் பயப்படும் விஷயத்துக்கு வருகிறேன். "அட்வான்டேஜ் வேண்டாம், ஒரிஜினலுக்கே போய்விடுவோம்" என்று கையெழுத்துப் போடுவது சுலபம். ஆனால் ஒரிஜினல் மெடிகேரில் டாக்டர் செலவு, ஸ்கேன், கீமோ போன்றவற்றில் வழக்கமாக 20 சதவீதம் நம் தலையில் விழும். அதற்கு ஆண்டு உச்சவரம்பே கிடையாது. அந்தப் பள்ளத்தை மூடுவது தனியார் கம்பெனிகள் விற்கும் மெடிகேப் பாலிசி. மெடிகேரில் டாக்டர் செலவுக்கான பகுதியான பார்ட் பி தொடங்கிய முதல் ஆறு மாதங்களில் மட்டுமே கம்பெனி நோய் எதுவும் கேட்காமல் அதைக் கொடுத்தாக வேண்டும். அந்தக் காலம் போய்விட்டால், ஸ்டென்ட் வைத்தவர், சர்க்கரை முற்றியவர் என்று காரணம் சொல்லிப் பெரும்பாலான மாநிலங்களில் கம்பெனி மறுக்கலாம். நியூயார்க், கனெக்டிகட் போன்ற சில மாநிலங்களில் மட்டும் சட்டம் பாதுகாக்கிறது. 65-இல் முதன்முதலாகவே அட்வான்டேஜில் சேர்ந்தவர்களுக்கு முதல் 12 மாதங்களுக்குள் விலகினால் விதிவிலக்கு உண்டு. மற்றவர்கள் மெடிகேப் கம்பெனி ஏற்றுக்கொண்டதாக எழுத்தில் கிடைக்கும்வரை பழைய பிளானை விடவே கூடாது.

மார்ச் 31-உம் தாண்டிவிட்டதா? நிலைமை மாறியிருந்தால் வழி உண்டு. மகன் வீட்டிலிருந்து வேறு மாநிலத்தில் மகள் வீட்டுக்குக் குடிபெயர்ந்தால் சிறப்புக் காலம் கிடைக்கும். வேலையிடத்துக் காப்பீடு முடிந்தாலும், குறைந்த வருமானக்காரர்களுக்கான மெடிகெய்ட் உதவி கிடைத்தாலும், பிளானே மூடப்பட்டாலும் அப்படித்தான். பலவற்றுக்கு இரண்டு மாதம்தான் கெடு. பழகிய டாக்டர் நெட்வொர்க்கை விட்டுப் போய்விட்டார் என்பது மட்டும் பெரும்பாலும் போதாது.

ஊருக்குப் போகிறவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து வெளியே இருந்தால் பல அட்வான்டேஜ் பிளான்கள் பெயரை நீக்கிவிடும். ஒரிஜினல் மெடிகேர் இருக்கும், மருந்துக் காப்பீடு போயிருக்கும். 63 நாள் தொடர்ந்து மருந்துக் காப்பீடு இல்லாமல் இருந்தால், பிறகு சேரும்போது பார்ட் டி பிரீமியத்தோடு அபராதமும் ஒட்டிக்கொள்ளும்.

இன்னும் மெடிகேரிலேயே சேராதவர்களுக்கும் ஒரு கெடு உண்டு. கிரீன் கார்டில் வந்து ஐந்து ஆண்டு தொடர்ந்து குடியிருந்த பெற்றோருக்கு மெடிகேர் வாங்கும் தகுதி வரும். முதன்முதலாகச் சேரக் கிடைக்கும் ஏழு மாதக் காலத்தைக் கோட்டைவிட்டால் அடுத்த ஜனவரி முதல் மார்ச் வரை காத்திருக்க வேண்டும். தாமதித்த ஒவ்வொரு முழு 12 மாதத்துக்கும் பார்ட் பி பிரீமியம் 10 சதவீதம் ஏறும். 2026-இல் அந்த பிரீமியம் மாதம் 202.90 டாலர். இரண்டு ஆண்டு தாமதம் என்றால் மாதம் சுமார் 40 டாலர் கூடுதல். இது ஒரு வருடத்தோடு போகாது, பார்ட் பி இருக்கும்வரை தொடரும்.

கெடு முடிந்த பிறகு வரும் போன் அழைப்புகளில் மிக மிக ஜாக்கிரதை. "மெடிகேர் ஆபீஸிலிருந்து பேசுகிறோம் அம்மா, கார்டு நம்பரைச் சொன்னால் இப்பவே மாற்றித் தருகிறோம்" என்பார்கள். அரசு மெடிகேர் அப்படித் தானாக அழைத்து நம்பர் கேட்காது. கேட்காமல் வீட்டுக்குப் போன் போட்டு அட்வான்டேஜ் பிளான் விற்பதற்கும் தடை இருக்கிறது. அம்மாவிடம் சொல்லிவையுங்கள், போனை வைத்துவிடச் சொல்லுங்கள்.

சந்தேகம் இருந்தால் 1-800-633-4227 என்ற மெடிகேர் எண்ணில் நீங்களே கூப்பிடுங்கள். ஆங்கிலம் தடுமாறும் பெரியவர்கள் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம், கட்டணம் இல்லை. ஒவ்வொரு மாநிலத்திலும் ஷிப் என்ற இலவச ஆலோசனைத் திட்டம் இருக்கிறது, அவர்கள் எந்த பிளானையும் விற்பவர்கள் அல்லர். அப்பா அம்மாவின் மருந்துப் பட்டியலையும் டாக்டர் பெயர்களையும் ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு இந்த வாரமே கூப்பிடுங்கள்.