சர்க்கரையும் விமானம் ஏறுகிறது

பிள்ளைகளைப் பார்க்கக் கடல் கடக்கும் ஓய்வூதியர்களின் கையில் இன்ஷூரன்ஸ் பாலிசி இருக்கிறது. அது எந்த நோய்க்குப் பணம் தரும், எந்த நோய்க்குக் கைவிரிக்கும் என்பதுதான் பலருக்கும் தெரிவதில்லை.

ஏப்ரல் பிறந்துவிட்டால் சென்னை, ஹைதராபாத், மும்பை, தில்லி விமான நிலையங்களின் நள்ளிரவுக் கூட்டத்தில் நரைத்த தலைகள் அதிகம் தென்படும். மகளின் பிரசவம், பேரனின் முதல் பிறந்தநாள், மகன் வாங்கிய புது வீடு என்று காரணங்கள் மாறலாம். பெட்டிக்குள் இருப்பவை மாறுவதில்லை: பருப்புப் பொடி, ஊறுகாய், ஆறு மாதத்துக்கான மாத்திரைகள். கைப்பையில் பாஸ்போர்ட்டோடு சேர்த்து மடித்து வைத்த ஒரு காகிதமும் இருக்கும். அதுதான் பயண மருத்துவ இன்ஷூரன்ஸ். டிக்கெட் எடுத்துத் தந்த ஏஜென்ட் கூடவே சேர்த்துக் கொடுத்ததாக இருக்கும். இல்லாவிட்டால் மகன் இன்டர்நெட்டில் வாங்கி அனுப்பியதாக இருக்கும். பத்திரமாக வைத்திருக்கிறார்கள், படித்திருக்க மாட்டார்கள்.

இத்தனைக்கும் இவர்கள் இன்ஷூரன்ஸ் அறியாதவர்கள் அல்ல. மத்திய அரசில் பணியாற்றியவரிடம் சி.ஜி.எச்.எஸ். அட்டை இருக்கிறது. முன்னாள் படைவீரருக்கு ஈ.சி.எச்.எஸ்., வங்கியில் ஓய்வுபெற்றவருக்குக் குழு பாலிசி. 70 வயது நிரம்பியவர்களுக்கு 2024 அக்டோபரில் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் விரிவாக்கத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. ஆனால் இவையெல்லாம் உள்நாட்டுச் சிகிச்சையை நம்பி எழுதப்பட்ட திட்டங்கள். சொந்தப் பணத்தில் எடுத்த மெடிகிளெய்ம் பாலிசியும், வெளிநாட்டுச் சிகிச்சை உண்டு என்று தனியாகச் சொல்லியிருந்தால் ஒழிய, நியூயார்க்கில் செல்லாது.

போகும் நாட்டின் திட்டங்களும் கைகொடுக்காது. அமெரிக்காவில் 65 வயதானவர்களுக்கான அரசு இன்ஷூரன்ஸின் பெயர் மெடிகேர். விசிட்டர் விசாவில் வந்தவருக்கு அதில் இடமில்லை. பிள்ளைகள் கிரீன் கார்டு வாங்கித் தந்து அங்கேயே குடியேறிய பெற்றோர்கூட, அந்நாட்டில் வேலை பார்த்து வரி கட்டாதவர்கள் என்றால், தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் வசித்த பிறகே பிரீமியம் கட்டி மெடிகேரில் சேர முடியும்.

நெஞ்சு வலி என்று நள்ளிரவில் ஓடினால் சிகிச்சை கிடைக்குமா? கிடைக்கும். பணம் கட்ட வழியுண்டா என்று பார்க்காமல், அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருபவரைப் பரிசோதித்து ஆபத்துக் கட்டத்தைத் தாண்டவைக்க வேண்டும் என்று 1986ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் மருத்துவமனைகளைக் கட்டாயப்படுத்துகிறது. ஆனால் சிகிச்சை இலவசம் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. பில் பின்னால் வரும். ஆம்புலன்ஸ், டாக்டர், ஸ்கேன் எடுத்தவர், மயக்க மருந்து தந்தவர் என்று தனித்தனியாகவும் வரும். இதய அடைப்பு சிகிச்சையும் நான்கு நாள் படுக்கையும் என்றாலே பல்லாயிரம் டாலர்கள். ரூபாய்க்கு மாற்றிப் பார்த்தால், நாற்பது ஆண்டு சர்வீஸுக்குக் கிடைத்த கிராஜுவிட்டி சில நாட்களில் கரைந்துவிடும்.

இந்த இடத்தில்தான் அந்த மடித்த காகிதம் காப்பாற்ற வேண்டும். பலமுறை காப்பாற்றுகிறது. விமானத்திலிருந்து இறங்கும்போது வழுக்கி எலும்பு முறிந்தால், திடீரென்று குடல்வால் அழற்சி வந்தால், நிமோனியா பிடித்தால் பெரும்பாலான பாலிசிகளில் சிக்கல் இல்லை. சிக்கலெல்லாம் ஒரே ஒரு பிரிவில் இருக்கிறது: 'ஏற்கெனவே இருக்கும் நோய்'. பாலிசி எடுக்கும் முன்பே உடலில் இருந்த நோய்க்கும், அதிலிருந்து கிளைத்த நோய்க்கும் பணம் இல்லை, அல்லது உயிருக்கு ஆபத்தான கட்டத்தில் மட்டும் ஒரு வரம்புக்குள் பணம் என்பதே பொதுவான விதி.

இருபத்தைந்து வயது மாணவருக்கு இந்தப் பிரிவு வெறும் அச்சு. அறுபத்தெட்டு வயதுக்காரருக்கு இதுதான் பாலிசியே. ரத்த அழுத்தத்துக்குக் காலையில் ஒரு மாத்திரை, சர்க்கரைக்கு இரு வேளை, கொழுப்புக்கு இரவில் ஒன்று என்று வாழ்பவருக்கு வரக்கூடிய பெரிய ஆபத்துகள் மாரடைப்பும் பக்கவாதமும்தான். இரண்டையும் அந்த மாத்திரைகளோடு முடிச்சுப் போடுவது இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குக் கடினமான வேலை அல்ல.

அப்படிப் போட்ட ஒரு முடிச்சை உச்ச நீதிமன்றம் 2021 டிசம்பரில் அவிழ்த்தது. குடும்பத் திருமணத்துக்காக 2009இல் அமெரிக்கா புறப்பட்ட ஒருவர், கிளம்புமுன் வெளிநாட்டு மெடிகிளெய்ம் பாலிசி எடுத்தார். கம்பெனிக்காக நடந்த மருத்துவப் பரிசோதனையில் அவருக்குச் சர்க்கரை நோய் இருப்பது பதிவாகியிருந்தது. சான்பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் இறங்கியதுமே வியர்த்துக் கொட்டியது, மாரடைப்பு. மூன்று ஸ்டென்ட்கள் வைக்கப்பட்டன. சர்க்கரையும் கொழுப்பும் முன்பே இருந்தன, கொழுப்பு மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லவில்லை என்று கம்பெனி பணம் தர மறுத்தது. தேசிய நுகர்வோர் ஆணையமும் அவர் மனுவைத் தள்ளுபடி செய்தது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நோயாளி தெரிவித்த நோயைத் தெரிந்துகொண்டே பாலிசி கொடுத்துவிட்டு, பிறகு அதே நோயைக் காட்டிப் பணத்தை மறுக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம்.

இந்தத் தீர்ப்பில் வென்றது வெளிநாட்டுப் பயணி மட்டுமல்ல, அவர் சொன்ன உண்மையும்தான். இதே நீதிமன்றம் 2009இல் வேறொரு மெடிகிளெய்ம் வழக்கில் எதிர்த் திசையில் தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் பாலிசி எடுத்தவர் நாள்பட்ட சர்க்கரையையும் சிறுநீரகக் கோளாறையும் விண்ணப்பத்தில் சொல்லவில்லை. கம்பெனி பணம் மறுத்தது சரியே என்றது நீதிமன்றம். இரண்டையும் சேர்த்துப் படித்தால் பாடம் எளிது. சொன்ன நோய்க்காக வாதாடலாம். மறைத்த நோய்க்காக வாதாட முடியாது. சர்க்கரை இருக்கிறது என்று எழுதினால் பிரீமியம் கூடும், பரிசோதனை கேட்பார்கள் என்று தயங்கி 'இல்லை' என்று டிக் அடிப்பவர், பாலிசியைத் தன் கையாலேயே கிழிக்கிறார்.

நோய் ஒருபுறம் இருக்க, பாலிசியின் தொகையும் ஏமாற்றக்கூடியது. 'ஒரு லட்சம் டாலர்' என்று முதல் பக்கத்தில் பெரிதாக இருக்கும். உள்ளே, படுக்கைக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு, ஆபரேஷனுக்கு இவ்வளவு என்று தனித்தனி உச்சவரம்புகள் இருக்கலாம். அமெரிக்க மருத்துவமனை பில்லின் முன் அந்த வரம்புகள் சீக்கிரமே தீர்ந்துபோகும். மிச்சம் குடும்பத்தின் தலையில். இந்தியக் கம்பெனிகள் பலவும் 60 வயதைத் தாண்டியவர்களுக்கு இத்தகைய வரம்புகளை வைக்கின்றன. அமெரிக்காவில் விற்கும் விசிட்டர் பாலிசிகளிலும் இரண்டு ஜாதி. ஒன்று, ஒவ்வொரு சிகிச்சைக்கும் நிர்ணயித்த தொகை மட்டும் தருவது, பிரீமியம் குறைவு. மற்றொன்று, முதலில் ஒரு சிறு தொகையைப் பயணி ஏற்றபின் பில்லின் பெரும்பகுதியை மொத்த உச்சவரம்பு வரை தருவது, பிரீமியம் அதிகம். வயதானவருக்குத் தேவை இரண்டாவது வகை.

அமெரிக்க பாலிசிகளில் பழைய நோய் 'திடீரென்று முற்றினால்' பணம் உண்டு என்று ஒரு சலுகை இருக்கும். முன்னறிகுறி இல்லாமல் வந்திருக்க வேண்டும், 24 மணி நேரத்துக்குள் சிகிச்சைக்குப் போயிருக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகளோடு. வயது ஏற ஏற இந்தச் சலுகை சுருங்கும். 70 அல்லது 80க்குப் பின் அறவே இல்லாமலும் போகும்.

விசித்திரம் என்னவென்றால், பில் மிக அதிகமாக வரக்கூடிய அமெரிக்கா, விசிட்டர் விசாவுக்கு இன்ஷூரன்ஸ் கேட்பதே இல்லை. ஷெங்கன் ஒப்பந்த நாடுகளுக்குள் நுழைய குறைந்தது 30,000 யூரோவுக்கு பாலிசி காட்ட வேண்டும். பெற்றோர், தாத்தா பாட்டிகளுக்காக 2011 டிசம்பரில் கனடா தொடங்கிய சூப்பர் விசாவுக்கு ஓராண்டுக்கு குறைந்தது ஒரு லட்சம் கனடிய டாலர் பாலிசி கட்டாயம். இங்கிலாந்தில் அவசரப் பிரிவில் பார்த்து அனுப்பினால் கட்டணமில்லை. வார்டில் சேர்த்துவிட்டால் இந்தியப் பயணியிடம் நிர்ணயக் கட்டணத்தைப் போல ஒன்றரை மடங்கு வசூலிக்கிறார்கள். அங்கும் ஆறு மாதத்துக்குக் குறைவான விசாவுக்கு இன்ஷூரன்ஸ் கட்டாயமில்லை. கேட்காத நாட்டுக்குத்தான் கவனமாக வாங்க வேண்டியிருக்கிறது.

கிளம்புமுன் செய்ய வேண்டியவை அதிகமில்லை. இந்தியக் கம்பெனிகளின் பயண பாலிசியைப் பொதுவாக இந்தியாவை விட்டுப் புறப்படும் முன்பே எடுக்க வேண்டும். தங்கும் நாட்கள் நீளக்கூடும் என்றால், பாலிசி முடியும் முன் நீட்டிக்கும் வழியைக் கேட்டுவைக்க வேண்டும். குடும்ப டாக்டரிடம் நோய்களையும் மருந்துகளின் வேதிப் பெயர்களையும் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. நம் ஊர் பிராண்ட் பெயர் அங்குள்ள டாக்டருக்குப் புரியாது. வழக்கமான செக்-அப், தினசரி மாத்திரை, பல் கட்டுதல் ஆகியவற்றுக்குப் பயண பாலிசியில் பணம் எதிர்பார்க்கக் கூடாது. மருத்துவமனையில் சேர்ந்ததும் பாலிசியில் உள்ள உதவி எண்ணுக்குத் தகவல் சொல்லும் பொறுப்பை வீட்டில் ஒருவர் ஏற்க வேண்டும். ஆறு மாதம் வெளியே இருக்கும்போது ஊரிலுள்ள மெடிகிளெய்ம் பாலிசியின் புதுப்பிக்கும் தேதி கடந்துவிடாமலும் பார்க்க வேண்டும். அது காலாவதியானால், பழைய நோய்களுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்து பெற்ற உரிமையும் போய்விடும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது விண்ணப்பப் படிவம். பல வீடுகளில் அதை நிரப்புவது நியூஜெர்ஸியிலோ டல்லாஸிலோ இருக்கும் மகன். அம்மா இரண்டு வருடமாகத் தைராய்டு மாத்திரை சாப்பிடுவது அவருக்குத் தெரியாது. போன மாதம் அப்பாவுக்கு ஈ.சி.ஜி. எடுத்ததையும், பிள்ளை கவலைப்படுவானே என்று யாரும் சொல்லவில்லை. போனில் கேட்டால் "எல்லாம் நன்றாக இருக்கிறோம்" என்பதுதான் பதில். அந்தப் பதிலை நம்பி அவர் எல்லா நோய்க்கும் நேரே 'இல்லை' என்று எழுதிவிடுகிறார். பாசத்தில் மறைத்ததா, பிரீமியத்துக்காக மறைத்ததா என்று கம்பெனி பிரித்துப் பார்க்காது. படிவத்தை யார் வேண்டுமானாலும் நிரப்பட்டும். மாத்திரை டப்பாவைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு பதில் சொல்ல வேண்டியவர், மாத்திரை விழுங்குபவர்தான்.