குத்துச்சண்டையும் பிற விளையாட்டுகளும்: ‘பிறவித் திறன்’ என்னும் கருத்துப் பற்றிச் சில குறிப்புகள்

புறநானூற்றின் 82ஆம் பாடல், சோழன் போரவைக்கோப் பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருத மற்போரின் விரைவைக் கூறுவது. பாடியவர் சாத்தந்தையார். அவ்விரைவுக்கு அவர் தேர்ந்த உவமை புலியன்று, பருந்துமன்று. ஊரிலே விழா; மனைவிக்கோ பேறுகாலம்; மழை பொழிகிறது; பொழுதும் சாய்கிறது. அவ்வேளையிற் கட்டிலொன்றை வாரினாற் பிணித்து முடித்தாகவேண்டிய தொழிலாளியின் கையிலே ஊசி எவ்வாறு ஓடுமோ, அவ்வாறு ஓடியது அரசனின் போர் என்கிறார் புலவர். மன்னனின் உடற்றிறனை அளப்பதற்கு அவர் எடுத்த அளவுகோல், சமூகப் படிநிலையில் தாழ்த்தப்பட்ட ஓர் உழைப்பாளியின் கைவேகம். உவமை நயம் என்று கூறி இதனைக் கடந்துவிடுவது எமது வகுப்பறை வழக்கம்.

விளையாட்டைப் பற்றி எழுதுவோர் இன்று அந்த அளவுகோலைக் கையாள்வதில்லை. ‘பிறவித் திறன்’ என்ற சொற்றொடரே அவர்களுக்குப் போதுமானதாயிருக்கிறது. சிறந்த குத்துச்சண்டை வீரனொருவனைக் கண்டதும், ‘இவன் எந்த விளையாட்டுக்குப் போயிருந்தாலும் வென்றிருப்பான்’ என்கின்றனர். இக்கூற்றில் உண்மை எவ்வளவு, அது மறைப்பது எவ்வளவு என்பதை நாம் இங்கு நோக்குவோம்.

உண்மையை முதலிற் கூறிவிடுதல் நன்று. குத்தின் வலிமை தோளிலே பிறப்பதன்று. பின்காலின் பாதம் நிலத்தை உந்துகிறது. அவ்வுந்தலை இடுப்பு திருப்பிவிடுகிறது. முதுகும் தோளும் முழங்கையும் அதனை ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கி முட்டியிற் கொண்டு சேர்க்கின்றன. ஈட்டி எறிபவனிடமும் வேகப்பந்து வீசுபவனிடமும் இதே தொடரைக் காணலாம். மூன்று நிமிடச் சுற்று, ஒரு நிமிட ஓய்வு என்ற ஒழுங்கிற் பழகிய நெஞ்சு, விட்டுவிட்டு உச்ச வேகத்தில் ஓடவேண்டிய றக்பிக்கும் ஹொக்கிக்கும் ஏற்றதாகிறது. கால்களைப் பின்னவிடாது சிற்றடி வைத்து நகரும் பழக்கம் டெனிஸ் ஆடுபவனுக்கும் விக்கெற் காப்பாளனுக்கும் வேண்டியதே. காலும் மூச்சும் உடற்சமநிலையும் ஒரு விளையாட்டிலிருந்து மற்றொன்றுக்கு இடம்பெயரக் கூடியவை.

இடம்பெயராதது கண். மணிக்கு 90 மைல் வேகத்தில் வீசப்படும் பந்து, அரை நொடிக்குள் துடுப்பாட்டக்காரனை அடைந்துவிடுகிறது. வெளிச்சமொன்றைக் கண்டு பொத்தானை அழுத்துவதற்கே மனிதனுக்கு ஏறத்தாழ ஐந்திலொரு நொடி வேண்டும். இதிற் பேர்பெற்ற வீரனுக்கும் ஏனையோருக்கும் பெரும் வேறுபாடில்லை. தேர்ந்த ஆட்டக்காரன் பந்தைக் கண்டபின் முடிவு செய்வதில்லை. வீசுபவனின் மணிக்கட்டையும் கையையும் முன்கூட்டியே வாசித்துவிடுகிறான். குத்துச்சண்டை வீரன் எதிராளியின் தோளையும் முன்காலையும் வாசிக்கிறான். இவ்வாசிப்பு ஆண்டுக்கணக்கான பயிற்சியாற் கிட்டுவது. எந்த எழுத்தைக் கற்றானோ அதையே அவன் வாசிப்பான். 1995இல் மணிலாவிற் பெயர் பெறத் தொடங்கிய மனி பக்கியாவோ, பிற்காலத்தில் 2014இல் பிலிப்பைன்ஸின் தொழில்முறைக் கூடைப்பந்தாட்டத்திலும் இறங்கினார். ஐந்தடி ஆறங்குல உயரம் ஒருபுறமிருக்க, அவ்வாட்டத்தின் எழுத்தும் அவருக்குப் பழகியிருக்கவில்லை. ஆடியது சில நிமிடங்கள். பெற்ற புள்ளிகளும் சொற்பம்.

இவ்வகையில் மிகச் சுவையான எடுத்துக்காட்டு ஜே. டபிள்யு. எச். ரி. டக்ளஸ் என்னும் ஆங்கிலேயர். 1908ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் நடுத்தர எடைப் பிரிவிற் குத்துச்சண்டைத் தங்கப்பதக்கம் பெற்றவர் இவர். 1911–12இல் அவுஸ்திரேலியா சென்ற இங்கிலாந்துக் கிரிக்கெற் அணிக்குத் தலைமை தாங்கி 4–1 என வென்றவரும் இவரே. 23 டெஸ்ற் ஆட்டங்களில் 18இற்கு இவர் தலைவர். ஆயினும் வளையத்துக்குள் விரைந்து தாக்கிய இம்மனிதர், துடுப்பெடுத்தால் மணிக்கணக்கில் அசையாது நின்றார். அவுஸ்திரேலியப் பார்வையாளர் அவருடைய தலைப்பெழுத்துகளுக்கு ‘ஜொனி இன்று அடிக்கமாட்டான்’ எனப் பொருள் கூறி எள்ளினர். உடல் வந்துசேர்ந்தது, வேகம் வரவில்லை. இறுதிப் போட்டியில் இவரிடம் தோற்ற அவுஸ்திரேலியர் ஸ்னோவி பேக்கர், அதே ஒலிம்பிக்கில் நீச்சலிலும் நீர்ப்பாய்ச்சலிலும் பங்குபற்றியவர். 1904இலேயே தம் நாட்டுக்காக றக்பி ஆடியவர்.

இத்தகையோரின் பட்டியலை நோக்கும்போது ஒரு செய்தி எமது கவனத்தை ஈர்க்கிறது. டக்ளஸ் மரவணிகக் குடும்பத்துப் பிள்ளை. பெல்ஸ்ரெட் என்ற தனியார் பாடசாலையிற் பயின்றவர். 1920இற் குத்துச்சண்டையிலும் 1932இற் பனிச்சறுக்கு வண்டி ஓட்டத்திலும் ஒலிம்பிக் தங்கம் வென்ற அமெரிக்கர் எடி ஈகன் பிறப்பால் எளியவர். ஆனால் யேல், ஹார்வாட், ஒக்ஸ்போட் ஆகியவற்றின் வழியாகச் செல்வர் குழாத்தினுள் நுழைந்தவர். பனிச்சறுக்கு வண்டி அக்குழாத்தின் விளையாட்டு. குத்துச்சண்டையிலிருந்து வெளியே சென்றோர் இவ்வாறிருக்க, அதனுள் வந்தோர் யாவர்? சப்பாத்துத் தொழிற்சாலைத் தொழிலாளியின் மகனான றொக்கி மார்சியானோ, 1947இற் பேஸ்போல் அணியொன்றின் தேர்வுக்குச் சென்று திருப்பியனுப்பப்பட்டவர். பின்னர் 49 போட்டிகளில் 49ஐயும் வென்றார். மணிப்பூர்க் குத்தகை விவசாயிகளின் மகளான மேரி கோம், 400 மீற்றர் ஓட்டத்தையும் ஈட்டி எறிதலையும் விட்டு வந்தவர். வசதியுள்ளவனுக்குக் குத்துச்சண்டை பல வாயில்களுள் ஒன்று. இல்லாதவனுக்கு எஞ்சிய வாயில் அதுவே. விதிவிலக்குகள் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் போக்கு இதுவே.

கொழும்பிலும் இப்போக்கு வேறு உருவிற் காணப்படுகிறது. இங்கு குத்துச்சண்டை பாடசாலைகளின் வழியாகவே வேரூன்றியது. குடியேற்றச் செயலாளர் எட்வேட் ஸ்ரப்ஸின் பெயரால் 1914இல் தொடங்கிய ஸ்ரப்ஸ் கேடயப் போட்டி அதற்கு அடித்தளமாயிற்று. 1938இற் சிட்னியில் நடைபெற்ற பேரரசு விளையாட்டு விழாவில் பார்னி ஹென்றிக்கஸ் இறகு எடைப் பிரிவிற் பெற்ற தங்கமே, அவ்விழாக்களில் இலங்கைக்குக் கிடைத்த முதற் தங்கம். கல்லூரி மாணவன் காலையிற் குத்துச்சண்டையும் மாலையில் றக்பியும் பழகலாம். இரண்டுக்கும் இடம் ஒரே வளவினுள் இருந்தது. ‘சகலதுறை வீரன்’ என்று பழைய மாணவர் மலர்களிற் புகழப்படுபவன், பெரும்பாலும் மைதானமுள்ள கல்லூரியின் மாணவனே.

கல்லூரியை விட்டு வெளியேறியபின் கழகங்கள் குறுக்கிட்டன. திரினிடாட்டின் கிரிக்கெற் கழகங்கள் நிறத்தாலும் வர்க்கத்தாலும் பிரிந்து நின்றதை மார்க்சிய அறிஞர் சி. எல். ஆர். ஜேம்ஸ் 1963இல் வெளிவந்த தம் நூலில் விரித்துக் காட்டினார். கொழும்பில் அப்பிரிவினை கழகங்களின் பெயரிலேயே வெளிப்பட்டது: சிங்களவர், தமிழர், பறங்கியர், சோனகர், மலாயர். தமிழ் யூனியன் 1899இல் நிறுவப்பட்டது. தமிழர் என்பதனால் மட்டும் கொட்டாஞ்சேனைத் துறைமுகத் தொழிலாளியின் மகன் அக்கழகத்தின் ஆடுகளத்துக்குச் சென்றுவிட முடியுமா என்ற வினாவை இனவழிச் சிந்தனை எழுப்புவதில்லை.

நிலத்தைக் கணக்கிட்டால் விடயம் தெளிவாகும். குத்துச்சண்டை வளையம் இருபதடிச் சதுரம். 400 சதுர அடி. கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ குடியிருப்போருக்குப் ‘பேர்ச்’ என்னும் சொல்லை விளக்கவேண்டியதில்லை. வளையம் ஒன்றரைப் பேர்ச்சுக்குள் அடங்கும். ஒழுங்கான கிரிக்கெற் மைதானத்துக்கு ஏறத்தாழ மூன்று ஏக்கர், அதாவது 480 பேர்ச் வேண்டும். நெருக்கமான குடியிருப்புகளுக்கு எந்த விளையாட்டு வந்துசேரும் என்பதைப் பிறவித் திறனைக் காட்டிலும் இவ்விரு எண்களே தீர்மானிக்கின்றன.

கடலின் அக்கரையிலும் இதுவே நிலை. துறைமுகத்தை அடுத்த வடசென்னையிற் பரம்பரைகளாகப் பிரிந்து குத்துச்சண்டை வளர்ந்தது. அதனை 2021இல் ‘சார்பட்டா பரம்பரை’ திரைப்படம் பலரறியச் செய்தது. அதே வடசென்னையின் வியாசர்பாடியிலே உதைபந்தாட்டமும் கரமும் தழைத்தன. அங்கிருந்து வந்த இளவழகி, 2008இல் உலகக் கரம் சம்பியனானார். கரம் பலகைக்கு வேண்டிய இடம் 29 அங்குலச் சதுரம். கையின் நுட்பம் தனக்குக் கிடைத்த இடத்தின் அளவுக்கேற்ப விளையாட்டைத் தேர்ந்துகொண்டது எனலாம்.

வெள்ளவத்தையின் நூற்பு நெசவாலையை இங்கு நினைவுகூர்தல் பொருந்தும். மலையாளத் தொழிலாளர் பெருமளவிற் பணிபுரிந்த அவ்வாலையில் 1933இல் கொல்வின் ஆர். டி சில்வாவின் தலைமையில் வேலைநிறுத்தம் நடைபெற்றது. நூற்பு இயந்திரத்தின் முன் நிற்பவர், இழை அறுந்தால் ஓடும் கதிரிலேயே அதனை இணைத்துவிட வேண்டும். நாள் முழுவதும் நின்ற நிலையில், கண்ணும் கையும் காலும் ஒருங்கே இயங்கச் செய்யப்படும் வேலை அது. சாத்தந்தையார் கண்ட ஊசியின் வேகம் அங்கே நூற்றுக்கணக்கான கைகளில் இருந்தது. ஆலை மூடப்பட்டு, அந்நிலத்திலே ஹவ்லொக் சிற்றி என்ற அடுக்குமாடித் தொகுதி எழுந்தது. உடற்பயிற்சிக் கூடமும் நீச்சற்குளமும் அதனுள் உண்டு, குடியிருப்போரின் பாவனைக்கு.