வீட்டிலே செய்யக்கூடிய சிறு மர வள்ளம்

கித்துல்கல வழியாகப் பஸ்ஸில் போனவர்கள், களனி கங்கையின் நுரைக்குள் சிவப்பும் மஞ்சளுமாகச் சிறு வள்ளங்கள் பாய்வதைக் கண்டிருப்பீர்கள். உல்லாசப் பயணிகள் ஏறும் அவற்றுட் சிலவற்றுக்குக் கயாக் என்று பெயர். வடதுருவப் பகுதியின் இனுயிட் மக்கள், சட்டத்தின் மேல் கடல்நாய்த் தோலை இழுத்துத் தைத்து வேட்டைக்குப் பயன்படுத்திய வள்ளம்தான் அது. இதை மரத்தில் நாமே செய்யலாமா என்று தோட்டத்து இளைஞர் கேட்பதற்குக் காரணம் உண்டு. 2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் களு கங்கை பெருகி இரத்தினபுரி மூழ்கியதை யாரும் மறக்கவில்லை. வீட்டையும் நிலத்தையும் இழந்து பள்ளத்தில் குடியேறிய குடும்பங்களுக்கு, தண்ணீர் வற்றும்வரை அரிசிக்கும் மருந்துக்கும் வழியில்லை.

செய்யலாம். ஆனால் கயாக்கைப் போல மேலே மூடியதாக வேண்டாம். மூட்டையும் பிள்ளையும் ஏற்ற, திறந்த வள்ளமே நமக்கு வசதி.

பலகைகளைத் தைத்து வள்ளம் கட்டுவது நம் நாட்டுக்குப் புதிதல்ல. கரையோர மீனவர் ஒருவ எனும் வள்ளத்தை ஆணியின்றித் தும்புக் கயிற்றால் தைத்தார்கள். இங்கிலாந்தில் பிளைவுட்டைச் செப்புக் கம்பியால் தைத்துப் பசையால் ஒட்டும் முறை பரவி, 1963இல் வெளிவந்த மிரர் என்ற சிறு பாய்ப்படகைப் பல்லாயிரம் பேர் வீட்டிலேயே செய்தார்கள். நாம் பின்பற்றப்போவதும் அதுவே.

6 மில்லிமீற்றர் தடிப்புள்ள, 8 அடிக்கு 4 அடி மரைன் பிளைவுட் இரண்டு தேவை. கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு சிறு துண்டை ஒரு மணி நேரம் கொதிநீரில் அவித்துப் பாருங்கள். அடுக்குகள் பிரிந்தால் அது வள்ளத்துக்கு ஆகாது. தோட்டத்தில் இலேசாகக் கிடைக்கும் இறப்பர் மரமும், மருந்தூட்டாவிட்டால், பூஞ்சணத்துக்கும் பூச்சிக்கும் சீக்கிரம் இரையாகும்.

ஒரு முழுப் பலகையோடு அரைப் பலகையைப் பொருத்தி, உட்புறம் 6 அங்குல அகலத் துண்டொன்றைக் குறுக்கே ஒட்டினால் 12 அடி நீளம் கிடைக்கும். அதில் 2 அடி அகலத்தில் அடிப்பலகை, 1 அடி அகலத்தில் இரு பக்கப் பலகைகள். அடிப்பலகை இரு முனையும் கூர்ந்த மாவிலைபோல இருக்கும். பக்கங்கள் வெளியே சரிவதால் அதன் நீளம் சற்றுக் குறையும். எவ்வளவு என்பதை அறிய, அடிக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் கட்டியான கடதாசியில் மாதிரி ஒன்றை முதலில் ஒட்டிப் பாருங்கள். கடதாசி வீணானால் நட்டமில்லை.

விளிம்பிலிருந்து அரை அங்குலம் உள்ளே, 4 அங்குலத்துக்கு ஒரு துளையிட்டு, செப்புக் கம்பியைக் கோத்து முறுக்குங்கள். நடுவே ஒரு குறுக்குப் பலகை வைத்து மேல் அகலத்தை இரண்டரை அடிக்கு விரித்தால் வள்ளத்தின் வடிவம் தானே வந்துவிடும். கம்பிகளுக்கிடையில் எபொக்ஸிப் பசையுடன் நுண்ணிய மரத்தூள் குழைத்துப் பூசி, இறுகியபின் கம்பியை உருவி, இருபுறமும் மூட்டுகளின் மேல் கண்ணாடி இழை நாடாவை ஒட்ட வேண்டும். மேல் விளிம்பில் பலாச் சட்டம் ஒன்று ஓடட்டும்.

வேலை பிழைப்பது பெரும்பாலும் இதன் பிறகுதான். எபொக்ஸியில் இறுக்கும் திரவத்தைத் தகரத்தில் குறித்த அளவுக்கு மேல் ஊற்றினால் சீக்கிரம் காயாது, பலவீனமாகும். சிறிது சிறிதாகக் கலவுங்கள். மொத்தமாகக் கலந்தால் சூடேறிப் பாத்திரத்திலேயே இறுகிவிடும். கையுறை அவசியம். தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வந்தால் பின்னர் அது விடாது. தேய்க்கும்போது மூக்கை மூடுங்கள். ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் இரத்தினபுரியில், ஈரக் காற்றினால் பூச்சின் மேல் மெழுகுபோல ஒரு படை படியலாம். அதைக் கழுவித் தேய்க்காமல் அடுத்த பூச்சுப் பூசினால் உரிந்துவிடும். ஆலய மண்டபமோ வேறு காய்ந்த கூடமோ கேட்டுப் பெறுவது நல்லது. பலகையின் வெட்டு விளிம்புகளுக்கு மூன்று பூச்சு வேண்டும், நீர் நுழைவது அங்கேதான். வெயில் எபொக்ஸியைக் கெடுப்பதால் மேலே பெயின்ற் கட்டாயம்.

ஒரு கன அடி நீரின் எடை ஏறக்குறைய 28 கிலோ. இந்த வள்ளம் 4 அங்குலம் அமிழும்போது சுமார் 5 கன அடி நீரை விலக்கும். 140 கிலோவில் வள்ளத்தின் 30 கிலோ போக, வளர்ந்த ஒருவரும் ஓர் அரிசி மூட்டையும் போகலாம், அதற்குமேல் வேண்டாம். மூடி இறுகிய வெற்றுப் பிளாஸ்டிக் கலன்களை இரு முனையிலும் கட்டுங்கள், கவிழ்ந்தாலும் மிதக்கும். உயிர்காப்பு அங்கியின்றி யாரும் ஏறக்கூடாது.

தேங்கிய வெள்ளத்தில் மட்டுமே இதைச் செலுத்தலாம். ஓடும் கங்கைக்கும், அறுந்த மின்கம்பி கிடக்கும் இடத்துக்கும் கொண்டுபோக வேண்டாம். மூடாத மாணிக்கக் குழிகள் உள்ள வயல்களில் இடுப்பளவு நீரில் நடப்பதைவிட இது பாதுகாப்பு. மண்சரிவுக்கு இது உதவாது. 2016 மே மாதம் அரநாயக்கவில் நேர்ந்ததுபோல மலை சரியும்போது முன்கூட்டியே வெளியேறுவதொன்றே வழி.

எபொக்ஸி விலை கூடியது, ஒரு குடும்பம் தனியே தாங்குவது கடினம். நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து செய்வதானால், யாருடைய தாழ்வாரத்தில் வைப்பது என்பதை முன்னரே பேசிக்கொள்ளுங்கள். கறையான் ஏறாதபடி நிலத்தில் படாமல் இரு கட்டைகளின் மேல் கவிழ்த்து வைத்து, பருவ மழைக்கு முன் ஒருமுறை குளத்திலோ வயல் நீரிலோ இறக்கிக் கசிவு பாருங்கள்.