குறும்பட்டைப் பொருட்களின் இணையம்

குறும்பட்டைப் பொருட்களின் இணையம் அல்லது என்பி-ஐஓடி என்பது, குறைந்த மின்திறனைப் பயன்படுத்திச் சிறிய அளவிலான தரவை நகர்பேசி வலையமைப்பின் ஊடாக அனுப்ப உதவும் கம்பியில்லாத் தொடர்பாடல் தரம் ஆகும். நீர்மானி, எரிவாயுமானி, மண் ஈரப்பத உணரி, வாகனத் தரிப்பிட உணரி போன்றவற்றில் பொருத்தப்படும் சிறிய மோடங்கள் இத்தரத்தின்படி இயங்குகின்றன. 3ஜிபிபி அமைப்பு தனது 13ஆம் வெளியீட்டின் ஒரு பகுதியாக 2016 சூன் மாதத்தில் இதனை வரையறுத்தது. 2020இல் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் ஏற்றுக்கொண்ட ஐந்தாம் தலைமுறைத் தரங்களிலும் இது இடம்பெற்றது.

தேவை

நகர்பேசியை நாள்தோறும் மின்னேற்றிக் கொள்ளலாம். நிலத்தடிக் குழியில் உள்ள நீர்மானியை அவ்வாறு செய்ய இயலாது. அதன் மின்கலத்தை மாற்ற ஓர் ஆள் நேரில் செல்ல வேண்டும். புளூடூத் குறைந்த மின்னாற்றலில் இயங்கினாலும் அதன் வீச்செல்லை சிறியது. ஜிஎஸ்எம் மோடம் நெடுந்தொலைவு எட்டினாலும், தரவு அனுப்பும் கணங்களில் 2 ஆம்பியர் வரை மின்னோட்டத்தை இழுக்கக்கூடும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தேவையை நிறைவு செய்யவே இத்தரம் உருவாக்கப்பட்டது.

அலைவரிசையும் எட்டும் தொலைவும்

இதன் பட்டையகலம் 180 கிலோஹெர்ட்சு மட்டுமே. எல்டிஇ முறையில் இது 15 கிலோஹெர்ட்சு அகலமுள்ள 12 துணையலைகளைக் கொண்ட ஒரேயொரு வளத்தொகுதிக்குச் சமம். ஆகையால் இதனை எல்டிஇ பட்டையின் உள்ளேயோ, அதன் விளிம்பில் உள்ள காப்புப் பட்டையிலோ, கைவிடப்பட்ட 200 கிலோஹெர்ட்சு ஜிஎஸ்எம் அலைவரிசையில் தனியாகவோ இயக்கலாம்.

அனுப்பிக்கும் பெறுவிக்கும் இடையே 164 டெசிபல் வரையிலான இழப்பை இம்முறை தாங்கும். ஜிபிஆர்எஸ் முறையின் எல்லையான 144 டெசிபலுடன் ஒப்பிட்டால் இது 20 டெசிபல் கூடுதல். அதாவது, நூறில் ஒரு பங்காக வலுக்குறைந்த குறிகையையும் இதனால் பிரித்தறிய முடியும். ஒரே செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்புவதே இதற்கு முதன்மைக் காரணம். அடிநிலையத்திலிருந்து கருவிக்கு 2048 முறை வரையும், கருவியிலிருந்து அடிநிலையத்துக்கு 128 முறை வரையும் செய்தி திரும்ப அனுப்பப்படலாம்.

மின்சேமிப்பு முறைகள்

மின்சேமிப்பு நிலை: செய்தியை அனுப்பிய பின் மோடம் சிறிது நேரம் செவிமடுத்துவிட்டு ஆழ்ந்த உறக்கத்துக்குச் செல்கிறது. அப்போது அது இழுப்பது சில மைக்ரோ ஆம்பியர்கள் மட்டுமே. வலையமைப்பில் அதன் பதிவு நீங்காது. எனவே விழித்தபின் மீண்டும் முழுமையாக இணைய வேண்டியதில்லை. எனினும், உறங்கும்போது வெளியிலிருந்து அதனை அழைக்க இயலாது.

நீட்டித்த இடைவிட்ட பெறல்: மோடம் குறித்த இடைவெளியில் மட்டும் விழித்து, தனக்குச் செய்தி உள்ளதா எனப் பார்க்கும். இவ்விடைவெளி ஏறத்தாழ 2 மணி 55 நிமிடம் வரை இருக்கலாம்.

இந்நேரங்களை மோடம் கோரலாம். ஆனால் முடிவு செய்வது வலையமைப்பே ஆகும். ஆகவே வடிவமைப்பாளர், கோரிய நேரத்தை அன்றி வழங்கப்பட்ட நேரத்தையே கணக்கில் கொள்ள வேண்டும்.

மின்கலக் கணக்கு

5 வாட்டு-மணி மின்கலத்தில் பத்தாண்டு ஆயுள் என்பது தரத்தை உருவாக்கியபோது கொள்ளப்பட்ட இலக்கு. 3.6 வோல்ட்டில் இது சுமார் 1390 மில்லி ஆம்பியர்-மணி ஆகும். உறக்கத்தில் 4 மைக்ரோ ஆம்பியர் செலவாவதாகக் கொண்டால், பத்தாண்டுகளில் (87,600 மணி) உறக்கத்துக்கு மட்டும் 350 மில்லி ஆம்பியர்-மணி செலவாகும். எஞ்சிய 1040ஐ 3650 நாட்களுக்குப் பகிர்ந்தால், நாளொன்றுக்கு 0.285 மில்லி ஆம்பியர்-மணி கிடைக்கும். அனுப்பும்போது 200 மில்லி ஆம்பியர் தேவைப்படும் மோடத்துக்கு இது ஏறத்தாழ 5 நொடிகளே ஆகும். மின்கலத்தின் தன்னிழப்பும், செவிமடுக்கும் நேரத்தின் செலவும் இதில் சேர்க்கப்படவில்லை.

குறிகை வலுவாக உள்ள இடத்தில் ஒரு சிறு செய்திக்கு இது போதும். நிலவறையில் செய்தி பன்முறை திரும்ப அனுப்பப்படுவதால் போதாமற் போகலாம். ஒரே வகைக் கருவிகள் இரண்டின் மின்கல ஆயுள் இடத்தைப் பொறுத்துப் பல ஆண்டுகள் வேறுபடுவதற்கு இதுவே காரணம்.

இக்கருவிகளில் பெரும்பாலும் லித்தியம் தயோனைல் குளோரைடு மின்கலம் பயன்படுகிறது. இதன் தன்னிழப்பு மிகக் குறைவு. ஆனால் நெடுநாள் ஓய்வுக்குப் பின் திடீரெனப் பெரும் மின்னோட்டத்தைத் தர இயலாமையால், இணையாக ஒரு மின்தேக்கி பொருத்தப்படுவதுண்டு.

எல்டிஇ-எம் உடன் ஒப்பீடு

13ஆம் வெளியீட்டிலேயே விரிவாக்கப்பட்ட எல்டிஇ-எம் 1.4 மெகாஹெர்ட்சு பட்டையில் நொடிக்கு 1 மெகாபிட் வரை அனுப்பும். குரல் அழைப்பும், இயங்கும் வாகனத்திலிருந்தபடியே அடிநிலையம் மாறுவதும் அதில் இயலும். என்பி-ஐஓடி நொடிக்குச் சில பத்து கிலோபிட்டுகளே தரும்; அது நிலையாக ஓரிடத்தில் இருக்கும் கருவிகளுக்கு ஏற்றது.

வலையமைப்பின் ஆயுள்

மின்கலம் பத்தாண்டுகள் நீடித்தாலும் வலையமைப்பு நீடிக்க வேண்டும். அமெரிக்காவின் ஏடி அண்டு டி நிறுவனம் 2017 தொடக்கத்தில் இரண்டாம் தலைமுறைச் சேவையை மூடியபோது, அதனைச் சார்ந்திருந்த கருவிகளை மாற்ற நேர்ந்தது. சப்பானின் என்டிடி டோக்கோமோ 2019இல் தொடங்கிய என்பி-ஐஓடி சேவையை 2020 மார்ச்சில் நிறுத்தியது. எனவே இரு தரங்களிலும் இயங்கவல்ல மோடங்கள் விரும்பப்படுகின்றன. நோர்டிக் நிறுவனத்தின் என்ஆர்எஃப்9160 இதற்கு எடுத்துக்காட்டு. 10×16 மில்லிமீட்டர் அளவுள்ள இதில் மோடமும் நுண்கட்டுப்படுத்தியும் ஒருங்கே உள்ளன.

இவற்றையும் பார்க்கவும்

பொருட்களின் இணையம்
எல்டிஇ
மோடம்
லித்தியம் மின்கலம்